கோடையிற் கூடும் பல்லியம்: லூசேர்ன் இசைவிழாவின் வரலாறு

ஐரோப்பிய நகரங்களிலே பல்லியம் என்பது ஒரு நிலையான நிறுவனம். மேனாட்டார் ஓர்க்கெஸ்ட்ரா என வழங்கும் அப்பல்லியத்துக்குச் சொந்தமான மண்டபம் உண்டு. மாதச் சம்பளம் பெறும் வாத்தியக்காரர் உளர். ஆண்டு முழுவதும் ஒத்திகையும் அரங்கும் மாறி மாறி நடைபெறும். ஐரோப்பாவின் பெரும் பல்லியங்கள் பல இவ்வகையினவே. ஆனால், ஆண்டின் பெரும்பகுதியில் இல்லாதிருந்து, கோடைகாலத்துச் சில வாரங்களுக்கு மட்டும் ஒன்று கூடி, விழா முடிந்ததும் கலைந்துவிடும் பல்லியங்களும் சில உண்டு. அவற்றுள் வரலாற்றுச் சிறப்பு மிக்கது சுவிற்சர்லாந்து நாட்டின் லூசேர்ன் நகரத்து இசைவிழாப் பல்லியமாகும். நிலையான இருப்பில்லாத ஒரு குழு, ஒரு முறை முற்றாக மறைந்த பின்னரும் மீண்டும் தோன்றி நிலைத்தது எவ்வாறு என்பதை ஆராய்வது பயன்தரும்.

இதனை அறிவதற்கு முன்னர், பல்லியத்தின் இயல்பை ஒரு சிறிது நோக்குதல் வேண்டும். நமது சங்கீத மரபிலே பாடகர் ஒருவர் முன்னிற்க, பக்கவாத்தியக்காரர் அவர் கற்பனையைப் பின்தொடர்ந்து செல்வர். மேனாட்டுப் பல்லியத்திலோ எண்பது, நூறு பேர் எழுதிவைத்த இசையை ஒருவரே வாசிப்பதுபோல வாசித்தல் வேண்டும். அஃது எளிய காரியமன்று. காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் தூரமே செல்லும். மேடையின் முன்னே வயலின் வாசிப்பவருக்கும் பின்னே எக்காளம் ஊதுபவருக்கும் இடையே 17 மீற்றர் தூரம் இருக்குமாயின், ஒருவர் எழுப்பும் ஒலி மற்றவர் செவியை அடைய நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஆகிவிடும். விரைவான இசையில் இச்சிறு தாமதமும் பிழையாகவே தோன்றும். எனவே ஒவ்வொருவரும் மற்றவரின் மூச்சையும் வில்லின் அசைவையும் முன்கூட்டியே உணரப் பழகியிருத்தல் வேண்டும். நிலையான பல்லியங்கள் இப்பழக்கத்தைப் பல்லாண்டுக் கூட்டு வாழ்வினால் அடைகின்றன. சில வாரங்களே கூடும் குழு அதனை எங்ஙனம் அடைவது? லூசேர்ன் பல்லியத்தின் வரலாறு முழுவதிலும் இந்த வினா பின்தொடர்ந்து வருகின்றது.

லூசேர்ன் நகரம் மலைகள் சூழ்ந்த அழகிய ஏரியொன்றின் கரையில் அமைந்தது. அவ்வேரிக்கரையில் திரிப்ஷென் என்னும் இடத்திலுள்ள மாளிகையில் 1866ஆம் ஆண்டு முதல் 1872ஆம் ஆண்டு வரை ஜேர்மானிய இசைமேதை றிச்சாட் வாக்னர் வாழ்ந்தார். 1870ஆம் ஆண்டு நத்தார் தினத்துக் காலையில், தம் மனைவி கோசிமாவின் பிறந்தநாட் பரிசாக அவர் இயற்றிய ‘சீக்பிரீட் இடில்’ என்னும் மென்மையான படைப்பை, சிறு வாத்தியக் குழுவொன்று அம்மாளிகையின் மாடிப்படிகளிலே நின்று முதன்முறையாக வாசித்தது. அதே மாளிகையில் வாழ்ந்த காலத்திலேதான், யூதரை இசையுலகிலிருந்து விலக்கிப் பேசும் தமது பழைய கட்டுரையை அவர் தம் பெயரிட்டு மீண்டும் வெளியிட்டார் என்பதும் மறக்கத் தக்கதன்று. கலைஞன் ஒருவனின் பெருமையும் சிறுமையும் ஒரே கூரையின் கீழ் வாழக்கூடும் என்பதற்கு அவ்வீடு சான்றாயிற்று. பிற்காலத்தில் நகரசபை அதனை வாங்கி, 1933ஆம் ஆண்டில் அரும்பொருட் காட்சிச்சாலையாகத் திறந்து வைத்தது.

அந்த 1933ஆம் ஆண்டிலேதான் ஜேர்மனியில் ஹிற்லர் ஆட்சிக்கு வந்தார். யூத இசைஞர் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டனர். பேர்லினில் புறூனோ வால்டரின் அரங்கு நடவாமல் தடுக்கப்பட்டது. டிறெஸ்டன் நகரில், யூதரல்லாத பிறிற்ஸ் புஷ் என்பவரும் நாசிகளுக்கு இணங்க மறுத்தமையால் இசை நடத்துநர் பதவியை இழந்தார். அவருடைய சகோதரரான வயலின் மேதை அடோல்ப் புஷ், தாம் ஜேர்மானியராயிருந்தும், அந்நாட்டில் இனி வாசிப்பதில்லை என ஒதுங்கிக்கொண்டார். இத்தாலியரான ஆர்த்தூரோ தொஸ்கனினி, அக்காலத்து இசை நடத்துநருள் முதன்மையாகப் போற்றப்பட்டவர். தமது நாட்டிலே பாசிசக் கட்சியின் கீதத்தை வாசிக்க மறுத்தமைக்காக 1931ஆம் ஆண்டில் பொலோனியா நகரில் கட்சிக்காரரால் தாக்கப்பட்டவர் அவர். வாக்னரின் இசைக்காக நடைபெறும் பைரோயிற் விழாவில் 1930ஆம், 1931ஆம் ஆண்டுகளில் இசை நடத்திய அவர், 1933இல் யூத இசைஞருக்கு நேர்ந்த அநீதியைக் கண்டித்து அவ்விழாவிலிருந்து விலகினார். பின்னர் ஒஸ்திரியாவின் சல்ஸ்பேர்க் விழாவே அவருக்குக் கோடைகாலத்து இடமாயிற்று. 1938ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒஸ்திரியாவின் தலைவர் ஹிற்லரின் நெருக்குதலுக்குப் பணிந்ததும், தொஸ்கனினி சல்ஸ்பேர்க்கையும் கைவிட்டார். அடுத்த மாதத்திலேயே ஜேர்மானியப் படை ஒஸ்திரியாவினுட் புகுந்தது.

இவ்வாறு ஐரோப்பாவின் இரு பெரும் விழாக்களும் நாசிகளின் நிழலில் அகப்பட்டபோது, இசைஞர் பலருக்குக் கோடையிலே வாசிப்பதற்கு இடமில்லாது போயிற்று. லூசேர்ன் நகரத் தலைவர் யாக்கோப் சிம்மெர்லியும், ஜெனீவாப் பல்லியத்தை உருவாக்கிய ஏர்னெஸ்ட் அன்செர்மேயும் இச்சூழ்நிலையை உணர்ந்து செயலாற்றினர். நகரத்துக்கு உல்லாசப் பயணிகளை வரவழைக்கும் நோக்கமும் அவர்கள் முயற்சியிற் கலந்திருந்தது உண்மையே. ஆயினும் அம்முயற்சிக்கு உயிர் கொடுத்தது காலத்தின் தேவையாகும். 1938ஆம் ஆண்டுக் கோடையில் அன்செர்மே, புறூனோ வால்டர், பிறிற்ஸ் புஷ், தொஸ்கனினி முதலியோர் லூசேர்னில் இசை நடத்தினர். சுவிற்சர்லாந்தின் பல பல்லியங்களிலிருந்தும் தேர்ந்தெடுத்த வாத்தியக்காரருடன் அடோல்ப் புஷ்ஷும் அவருடைய நால்வர் குழுவினரும் ஒன்றாக அமர்ந்தனர். தனித்து நின்று உலகப் புகழ் பெற்றவர்கள், தொஸ்கனினியின் கோலுக்குக் கட்டுப்பட்டுப் பலருள் ஒருவராய் வாசிக்க முன்வந்தமை குறிப்பிடத்தக்கது.

அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி, திரிப்ஷென் மாளிகையின் முன்னே திறந்த வெளியில் அவ்வரங்கு நடைபெற்றது. நிரலிலே ‘சீக்பிரீட் இடில்’ இடம்பெற்றது. ஹிற்லர் தமக்கே உரியவர் என உரிமை பாராட்டிய வாக்னரின் இசையை, அவருடைய சொந்த வீட்டு வாயிலிலே, ஹிற்லரின் அதிகாரம் எட்டாத மண்ணிலே, அவ்வதிகாரத்துக்குப் பணிய மறுத்தவர்கள் வாசித்துக் காட்டினர். அங்கே அரசியற் சொற்பொழிவு எதுவும் வேண்டப்படவில்லை. இசை எந்த ஆட்சியாளனுக்கும் உடைமையன்று என்பதை அந்த அரங்கே உணர்த்திற்று. லூசேர்ன் விழாவும் அதன் பல்லியமும் தம் பிறந்தநாளாக இன்றும் நினைவுகூர்வது இந்நாளையே.

மறு ஆண்டுக் கோடை, போருக்கு முந்திய இறுதிக் கோடையாயிற்று. ஏரியின் மறுகரையில் ஹேர்ட்டென்ஸ்டைன் என்னுமிடத்தில் வீடு கட்டி வாழ்ந்த இரசிய மேதை செர்கேய் றக்மனினோவ், 1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி அன்செர்மேயின் பல்லியத்தோடு பியானோ வாசித்தார். ஐரோப்பாவில் அவர் வாசித்த கடைசி அரங்கு அதுவே; 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே காலமாகும் வரை அவர் தம் ஏரிக்கரை வீட்டை மீண்டும் காணவில்லை. அதே கோடையில் தொஸ்கனினி, லூசேர்ன் யேசுசபைத் தேவாலயத்திலே வேர்டியின் இரங்கற்பூசை இசையை நடத்தினார். அம்மாத இறுதியில் விளாடிமிர் ஹொறொவிற்ஸ், தம் மாமனாராகிய தொஸ்கனினியின் நடத்துகையில் பிராம்ஸின் பியானோ இசையை வாசித்தார். சில நாட்களின் பின், செப்ரெம்பர் முதலாந் திகதி, போலந்து தாக்கப்பட்டது. 1940இல் விழா நடைபெறவில்லை.

போர்க் காலத்திலே சுவிற்சர்லாந்து நடுநிலை நாடாக நின்றது. ஆயினும் நாற்புறமும் அச்சு நாடுகளின் படைகள் சூழ்ந்தமையால், பிற நாட்டார் வந்து போவது அரிதாயிற்று. அந்நிலையில் 1943ஆம் ஆண்டு ‘சுவிஸ் விழாப் பல்லியம்’ என்ற பெயருடன் நாட்டு இசைஞரைக் கொண்ட குழுவொன்று முறையாக அமைக்கப்பட்டது. முதற் பிறப்பு, விலக்கப்பட்டவர்களுக்கு இடங்கொடுத்தது. இவ்விரண்டாம் பிறப்போ தனித்து விடப்பட்ட ஒரு சிறு நாட்டின் தன்முயற்சி. குளிர்காலத்திலே தத்தம் நகரப் பல்லியங்களில் வாசித்த கலைஞர், விடுமுறைக் காலத்தில் லூசேர்னிலே கூடினர். மொழியாலும் பழக்கத்தாலும் வேறுபட்ட மாகாணங்களைக் கொண்ட நாட்டுக்கு, அக்கூட்டம் ஒற்றுமையின் சின்னமாகவும் விளங்கிற்று.

இப்பல்லியத்தின் வரலாற்றில் சிந்திக்க வேண்டிய இடமொன்று உண்டு. 1944ஆம் ஆண்டில் அதனை நடத்த வந்தவர் வில்ஹெல்ம் பூர்த்வெங்லர். அவர் தொஸ்கனினியின் வழியைப் பின்பற்றாதவர். நாசி ஆட்சி நடந்த காலத்தின் பெரும்பகுதியிலும் ஜேர்மனியிலே தங்கியிருந்தவர். யூத இசைஞர் சிலருக்கு உதவினாரெனினும், தம் புகழை அவ்வாட்சி பயன்படுத்திக்கொள்ள இடமளித்தவர். போர் முடிந்தபின் அவர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். 1947ஆம் ஆண்டிலேதான் மீண்டும் இசை நடத்த அனுமதி பெற்றார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் லூசேர்னிலே பீதோவனின் வயலின் இசையை அவரது நடத்துகையில் வாசித்தவர் யெஹூதி மெனுஹின் என்னும் யூதக் கலைஞர். அதற்காக மெனுஹின் தம் இனத்தவர் பலருடைய கண்டனத்துக்கு ஆளானார். அக்கூட்டில் எழுந்த இசை அப்போதே இசைத்தட்டிற் பதிவாகி இன்றும் கேட்கக் கிடைக்கின்றது.

மறுப்பினாற் பிறந்த பல்லியமொன்று, மறுக்காதவரையும் வரவேற்றது சரியா? மெனுஹின் தவறாமற் சென்று வாசித்தது, பழியை மறந்ததனாலா, பழிக்கு முடிவு காணும் விருப்பினாலா? இதற்கு அறிஞர் ஒருமித்த விடை கூறவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. 1938இல் தொஸ்கனினி காட்டிய உறுதியின்றி அவ்விழாவுக்கு மதிப்பு வந்திராது. 1947இல் மெனுஹின் நீட்டிய கையின்றிப் போருக்குப் பிந்திய ஐரோப்பாவில் அவ்விழா முன்னேறியிராது. உறுதி வேண்டிய காலமும் உண்டு. இணக்கம் வேண்டிய காலமும் உண்டு. இரண்டும் ஒரே மேடையில் நிகழ்ந்தமையே லூசேர்னின் தனித்தன்மை.

தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அப்பல்லியம் புகழின் உச்சியை அடைந்தது. 1948ஆம் ஆண்டில் ஹேபேர்ட் வொன் கராயன் முதன்முதலாக லூசேர்னில் இசை நடத்தினார். 1950ஆம் ஆண்டு ஓகஸ்டில் அவருடைய நடத்துகையில், கொடிய நோய்வாய்ப்பட்டிருந்த ருமேனிய இளைஞர் டினு லிபாட்டி மோசாட்டின் பியானோ இசையொன்றை வாசித்தார். அவ்வாண்டு டிசெம்பரிலே, முப்பத்துமூன்று வயதில், அவர் உயிர் நீத்தார். 1966ஆம் ஆண்டிலே மிலான் நகரத்து இளம் நடத்துநர் ஒருவர் இப்பல்லியத்தின் முன் முதன்முறையாக நின்றார். குளோடியோ அப்பாதோ என்பது அவர் பெயர். அந்த இளைஞரே பின்னொரு காலத்தில் இப்பல்லியத்தை மீண்டும் எழுப்புவார் என அன்று எவரும் அறிந்திலர்.

ஆனால், காலம் மாறியது. ஆகாய விமானப் பயணம் எளிதானபின், பேர்லின், வியன்னா, அமெரிக்கா முதலிய இடங்களிலிருந்து முழுப் பல்லியங்களே லூசேர்னுக்கு வந்து வாசித்துச் செல்லத் தொடங்கின. ஆண்டு முழுவதும் ஒருங்கு பழகிய அக்குழுக்களின் நேர்த்தியோடு, விடுமுறைக் காலத்திற் கூடும் குழு போட்டியிட வேண்டியதாயிற்று. சுவிற்சர்லாந்தும் இப்போது தனித்து விடப்பட்ட நாடன்று; விலக்கப்பட்ட இசைஞருக்குப் புகலிடம் அளிக்க வேண்டிய தேவையும் முன்போல் இல்லை. எத்தேவைகளால் அப்பல்லியம் பிறந்ததோ, அத்தேவைகள் அகன்றன. 1993ஆம் ஆண்டோடு, ஐம்பதாண்டுகள் வாழ்ந்த சுவிஸ் விழாப் பல்லியம் கலைக்கப்பட்டது. பெயரும் பழம்பெருமையும் மட்டும் ஒரு குழுவைத் தாங்கமாட்டா என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

இசைவிழா நின்றுவிடவில்லை. 1998ஆம் ஆண்டில், பழைய மண்டபம் இருந்த ஏரிக்கரையிலே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜோன் நூவெல் வரைந்த புதிய மண்டபம் திறக்கப்பட்டது. அதன் ஒலியமைப்பை வகுத்தவர் றசல் ஜோன்சன் என்னும் அமெரிக்க நிபுணர். மண்டபத்தைச் சுற்றி வெற்று அறைகளை அமைத்து, அவற்றின் கதவுகளைத் திறந்தும் மூடியும் எதிரொலியைக் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்தார். ஊசி விழும் ஓசையும் கேட்கத்தக்க அம்மண்டபம் உலகெங்கும் பாராட்டப்பட்டது. சிறந்த மண்டபம் அமைந்துவிட்டது. அதற்கே உரிய பல்லியந்தான் இல்லை.

திறப்புவிழாவில் பேர்லின் பல்லியத்தை நடத்தியவர் அப்பாதோ. அப்பதவியை 2002ஆம் ஆண்டில் விட்டு விலகப்போவதாக அவர் அவ்வாண்டே அறிவித்திருந்தார். 2000ஆம் ஆண்டில் அவருக்கு வயிற்றிலே புற்றுநோய் கண்டது. பெரும் சத்திரசிகிச்சையின் பின் உடல் மெலிந்தும் உள்ளம் தளராதவராய் மீண்டார். விழாவின் பணிப்பாளரான மைக்கல் ஹேவ்லிகரும் அவரும் சேர்ந்து, லூசேர்னுக்கு மீண்டும் ஒரு பல்லியம் அமைக்கத் திட்டமிட்டனர். 2003ஆம் ஆண்டு ஓகஸ்டில் அது மேடையேறியது.

கூடிக் கலையும் குழு ஒத்த உணர்வை எவ்வாறு பெறும் என்ற பழைய வினாவுக்கு அப்பாதோ கண்ட விடை எளியது. அறிமுகமில்லாத திறமைசாலிகளை அவர் திரட்டவில்லை. ஒருவரையொருவர் நன்கறிந்தவர்களையே அழைத்தார். 1997ஆம் ஆண்டில் இளைஞரைக் கொண்டு தொடங்கப்பட்ட மாலர் சிறு பல்லியத்தினர் நடுநாயகமாக அமர்ந்தனர். அவர்களைச் சூழ, செலோ மேதை நத்தாலியா குட்மன், கிளாரினெட் கலைஞர் சபீன் மேயர், ஹாகென் நால்வர் குழுவைச் சேர்ந்தோர், பேர்லினிலே தம்மோடு வாசித்த நண்பர் எனப் பலர் வந்தனர். தனியரங்குகளிற் பெரும் பொருள் ஈட்டக்கூடியோர், பல்லியத்தின் இருக்கையிலே பக்கத்தவரோடு ஒரே ஏட்டைப் பார்த்து வாசித்தனர். 1938இல் அடோல்ப் புஷ் செய்ததையே அவர்களும் செய்தனர் எனலாம். ஒத்திகையில் அப்பாதோ மிகக் குறைவாகவே பேசினார். ஒருவர் மற்றவரைக் கேட்டு வாசியுங்கள் என்பதே அவர் உணர்த்த விரும்பிய பாடம். சிறு குழுவில் நால்வர் கூடி வாசிக்கும் நுட்பத்தை நூறு பேர் கைக்கொள்ளுதலே அவர் கருதிய பல்லியம்.

அடுத்த பத்தாண்டுகளில் அவர்கள் மாலரின் சிம்பனிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தனர். 2010ஆம் ஆண்டில் ஒன்பதாவது சிம்பனியின் இறுதி நாதம் மெல்லத் தேய்ந்து அடங்கியபின், மண்டபம் நிறைந்திருந்தோர் கைதட்டாது நெடுநேரம் மௌனமாய் வீற்றிருந்தனர். எட்டாவது சிம்பனி மட்டும் எஞ்சியது. 2012ஆம் ஆண்டுக்குத் திட்டமிட்டும் அப்பாதோ அதனைக் கைவிட்டு, மோசாட்டின் இரங்கற்பூசை இசையை நடத்தினார். 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி அவர் நடத்திய அரங்கின் நிரலில் இரு படைப்புகள் இருந்தன: ஷூபேட்டின் முற்றுப்பெறாத சிம்பனி; புறுக்னர் முடிக்காது விட்டுச்சென்ற ஒன்பதாவது சிம்பனி. அதுவே அவருடைய இறுதி அரங்காயிற்று. 2014ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, எண்பது வயதில், பொலோனியாவில் அவர் காலமானார்.

ஏப்பிரல் மாதம் 6ஆம் திகதி நண்பர்கள் லூசேர்னில் மீண்டும் கூடினர். நடத்துநர் நிற்கும் மேடை வெறுமையாய் இருந்தது. அவ்வெறுமையை நோக்கியபடி, கோல் அசைப்பார் எவருமின்றி, ஷூபேட்டின் முற்றுப்பெறாத சிம்பனியின் முதற் பகுதியை அவர்கள் வாசித்து முடித்தனர். அஃது அஞ்சலி மட்டுமன்று. ஆசிரியர் கற்பித்த பாடத்தின் பரீட்சையுமாகும். தலைவர் மறைந்த பின்னும் குழுவினர் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்க முடியுமா என்பதற்கு விடை அன்று கிடைத்தது.

எனினும் 1993ஆம் ஆண்டின் நினைவு பலர் மனத்தில் இருந்திருக்கும். ஒரு மனிதர்மேற் கொண்ட அன்பினாற் கூடியவர்கள், அவர் இல்லாதபோது மீண்டும் கூடுவார்களா? அந்திரிஸ் நெல்சன்ஸ், முதியவரான பேர்னாட் ஹைற்றிங் ஆகியோரின் நடத்துகையில் இரு கோடைகள் கழிந்தன. 2016ஆம் ஆண்டில் றிக்கார்டோ ஷாயி தலைமையேற்றார். இளமையில் மிலான் நகரத்து ஸ்காலா அரங்கிலே அப்பாதோவுக்கு உதவியாளராயிருந்தவர் அவர். முதல் அரங்குக்கு அவர் தெரிந்தெடுத்த படைப்பு மாலரின் எட்டாவது சிம்பனி. முன்னவர் எஞ்சவிட்டதைப் பின்னவர் நிறைவு செய்தார். பல்லியம் மூன்றாம் முறையும் மறையாது காப்பாற்றப்பட்டது.

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. லூசேர்ன் பல்லியத்தைத் தாங்கியது மண்டபமுமன்று, சம்பளமுமன்று. 1938இல் அநீதிக்கு இணங்காமையும், 1943இல் தனிமையைத் தாங்கும் துணிவும், 2003இல் நட்பும் அதனைத் தாங்கின. அத்தகைய நோக்கமொன்று இல்லாத காலத்தில், ஐம்பதாண்டுப் புகழும் அதற்குக் கைகொடுக்கவில்லை. நிறுவனங்கள் யாவும் தம்மைத்தாமே என்றும் நிலைத்தனவாகக் கருதும் இயல்புடையன. ஆண்டுதோறும் கலைந்துவிடும் இப்பல்லியமோ ஆண்டுதோறும் கூடவேண்டும். எதற்காகக் கூடுகின்றோம் என்ற வினாவுக்கு ஒவ்வொரு கோடையிலும் அதன் உறுப்பினர் விடை காணவேண்டும். அவ்வினாவை மறவாதிருக்கும் வரை, பல்லியமும் பள்ளியும் சங்கமும் எதுவாயினும் உயிரோடு வாழும் என்பதே லூசேர்ன் புகட்டும் பாடமாகும்.